கோடைக் கடைநாளில் விரால் வேட்டை

கத்தரி வெயில் கழிந்து வைகாசியின் கடைநாட்கள் வந்தெய்தும்பொழுது, கல்வராயன் மலையடிவாரத்து ஏரிகளைக் காண்போர்க்கு இரக்கமே மேலிடும். ஐப்பசி கார்த்திகையில் கரை துளும்ப நின்ற நீர், கரையோரப் பள்ளத்தில் ஒடுங்கிச் சிறு குட்டையாய்க் கிடக்கும். ஏரியின் உள்வாய் முழுவதும் பாளம் பாளமாய் வெடித்த களிமண். அதன்மீது ஆடுமாடுகள் திரியும். எஞ்சிய நீரும் கலங்கி, பாசி படர்ந்து, நண்பகலில் கைவைத்தால் வெந்நீரைப் போலிருக்கும். இத்தகைய நீரில் ஓர் உயிர் வாழ்தல் கூடுமோ என்று ஐயுறுவோர், அக்குட்டையின் கரையில் அரை நாழிகை அசையாது அமர்ந்திருப்பாராயின், 'களுக்' என்று ஒரு சிற்றொலி கேட்பர். பாம்பின் தலை போன்றதொன்று நீர்மட்டத்தில் தோன்றி மறையும். அவ்விடத்தில் ஒரு வட்டம் மெல்ல விரியும். அதுவே விரால்.

பழந்தமிழ் நூல்கள் இதனை வரால் என்று வழங்கும். நம் நாட்டு நன்னீர் மீன்களுள் சுவையாலும் விலையாலும் முன்னிற்பது இது. சந்தையில் தொட்டி நீரில் உயிருடன் வைத்து விற்கப்படும் பெருமை வேறு மீன்களுக்கு எளிதிற் கிட்டுவதில்லை. இவ்விராலைக் கோடைக் கடைநாளில் தூண்டிலாற் பிடிக்கும் முறை யாது? அம்முறைக்குக் காரணம் யாது? முறை அறிந்தவன் எவ்விடத்தில் கை நிறுத்தல் வேண்டும்? இம்மூன்றையும் ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

இடமும் நீரும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பெற்றது. அதன் மேற்கெல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலை நிற்கின்றது. வடபகுதி சின்னக் கல்வராயன் எனவும், தென்பகுதி பெரிய கல்வராயன் எனவும் பெயர் பெறும். முன்னது சுமார் 2,700 அடியும், பின்னது சுமார் 4,000 அடியும் உயரமுடையன. இம்மலையிற் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா என்னும் ஆறுகள் சமவெளியிற் பாய்ந்து இறுதியில் வெள்ளாற்றுடன் கலக்கின்றன. கச்சிராயபாளையத்திற்கு அருகே கோமுகியின் குறுக்கேயும், சூளாங்குறிச்சியில் மணிமுக்தாவின் குறுக்கேயும் அணைகள் உள. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. இவ்வணைகளின் வாய்க்கால்களாலும், மலைச் சரிவின் ஓடைகளாலும், வானம் பொழியும் மழையாலும் நிரம்பும் ஏரிகள் அடிவாரமெங்கும் பரந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பாசனத்திற்குக் கொடுத்து, கோடையில் ஒடுங்குதல் இவ்வேரிகளின் ஆண்டு ஒழுக்கம். விராலின் வாழ்க்கையும் இவ்வொழுக்கத்தோடு ஒட்டியதேயாகும்.

குளிர்நாட்டு ஒப்பு

விராலின் தன்மையைத் தெளிய உணர்வதற்குப் பிற நாட்டு மீனொன்றை அதனோடு ஒப்பிட்டு நோக்குதல் நலம். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பைக் என்னும் மீன் வாழ்கின்றது. நீண்ட உடலும், வாத்தின் அலகைப் போன்று தட்டையான வாயும், கூரிய பற்களும் உடையது. ஒரு கஜத்திற்கு மேலும் வளர வல்லது. ஆங்கில நாட்டில் 1653ஆம் ஆண்டில் ஐசக் வால்ட்டன் என்பார் வெளியிட்ட தூண்டில் நூலில் இம்மீனுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கப்பட்டுள்ளது. பைக்கும் விராலும் ஒரு குலத்தன அல்ல. ஆயினும் ஒழுக்கத்தால் உடன்பிறந்தன போல்வன. இரண்டும் இரையைத் துரத்தித் திரிவனவல்ல. நீர்ச்செடிகளின் இடையே அசையாது மறைந்து நின்று, அணுகிய இரையின்மேல் அம்பெனப் பாய்வன.

ஒழுக்கம் ஒன்றாயினும், கோடைக் கடைநாளில் இவ்விரண்டும் செல்லும் திசை வேறு. குளிர்நாட்டு ஆழ்ந்த ஏரியில், ஆகஸ்டு மாதத்தில் மேல்நீர் சூடேறும், கீழ்நீர் குளிர்ந்திருக்கும், இவ்விரண்டும் எளிதிற் கலவா. வெப்பம் பொறாத பெரிய பைக் மேல்நீரை விட்டு ஆழம் நோக்கி இறங்கும். ஆனால் அடியாழத்தில், பல ஏரிகளில், அழுகும் பொருள்களால் பிராணவாயு குறைந்து போயிருக்கும். ஆதலின் குளிர்ச்சியும் பிராணவாயுவும் ஒருங்கே கிடைக்கும் இடைப்பட்ட ஒரு படலத்திலோ, ஊற்றுவாயிலோ, குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் முகத்திலோ அது தங்கும். அந்நாட்டுத் தூண்டிற்காரர் விடியலிற் புறப்பட்டு, செடிப்படர்ச்சியின் ஆழ்ந்த விளிம்பைத் தேடி, இரையைத் தாழ விட்டு இழுப்பர். அன்றியும், வெந்நீரிற் போராடிக் களைத்த பைக் மீண்டும் நீரில் விடப்பட்டாலும் பிழைப்பதரிது என்பதறிந்து, கடும் வெயிற் காலத்தில் அதனைப் பிடியாது விடுவோரும் அவருட் பலர்.

நம் ஏரிகளோ ஆழமற்றன. கோடைக் கடைநாளில் எஞ்சும் நீர் ஓரிரு ஆளுயரமும் இராது. கதிரவனின் வெப்பம் அடிவரை பரவும். குளிர்ந்த ஆழமென்று புகலிடம் யாதுமில்லை. நீர் சூடேறுந்தோறும் அதனுட் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். சென்டிகிரேட் 15 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 10 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையிலோ ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். இரவில் பாசியும் செடியும் அவ்வாயுவை உட்கொள்ளுதலால் விடியற்குச் சற்று முன் அது மிகவும் தாழ்ந்து நிற்கும். இந்நிலையில் பைக் இருந்தால் மாண்டொழியும். விரால் என் செய்கின்றது? கீழே செல்வதற்கு மாறாக மேலே வருகின்றது.

விராலின் மூச்சு

விராலின் செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறத்தும், ஒவ்வோர் அறை உண்டு. அதன் உட்சுவர் நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோலால் ஆயது. நீர்மட்டத்திற்கு வந்து வாயாற் காற்றை விழுங்கி அவ்வறையில் நிரப்பிக்கொண்டு விரால் கீழே செல்லும். பிராணவாயு தீர்ந்ததும் மறுபடியும் வரும். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. வலையிற் சிக்கி மேலெழ இயலாது நின்றால், நீருள்ளேயே மூச்சு முட்டி அது சாகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்பது நகைப்பிற்கிடமாகத் தோன்றினும் உண்மையேயாம். நீர் வற்றிய வழிச் சேற்றுள் புதைந்து, உடல் ஈரம் உலராதவரை உயிர் தாங்குவதும், சந்தைக் கூடையில் நெடுநேரம் துடித்துக் கிடப்பதும் இவ்வறையின் உதவியாலேயே.

இம்மீன்களின் வரலாற்றில் நம் கடற்கரை ஊராகிய தரங்கம்பாடிக்கும் ஓர் இடமுண்டு. அங்கே டேனியர் சேவையில் இருந்த டால்டார்ஃப் என்னும் படையதிகாரி, பனையேறிக் கெண்டை ஒன்றைப் பனைமரத்தின் வெடிப்பில், நீர்மட்டத்திற்கு மேலே, 1791ஆம் ஆண்டிற் கண்டதாக எழுதினார்; அக்குறிப்பு 1797இல் இலண்டனில் அச்சேறியது. அக்கெண்டைக்கும் விராலைப் போன்றே காற்றை உட்கொள்ளும் உறுப்பு உண்டு. அதே ஊரில் வாழ்ந்த கிறிஸ்டாஃப் சாமுவேல் ஜான் என்னும் மிஷனெரி, நம் நாட்டு மீன்கள் பலவற்றைச் சேகரித்து ஜெர்மனியிலிருந்த பிளாக் என்னும் மீன்நூற் புலவருக்கு அனுப்பினார். விராலுக்கு அறிவியற் பெயர் சூட்டி 1793இல் வெளியிட்டவரும் பிளாக்கே. ஜானின் பெயரால் ஒரு மீன்குலத்திற்கு அவர் இட்ட பெயர் இன்றளவும் வழங்குகின்றது.

தூண்டிற்காரனுக்கு வேண்டிய முதற் பாடம் இம்மூச்சிலேயே அடங்கியுள்ளது. எவ்வளவு கள்ளமாய் மறைந்திருப்பினும், மூச்செடுக்க விரால் வெளிப்பட்டே தீரவேண்டும். பைக் தன் இருப்பிடத்தை நமக்கு உரைப்பதில்லை. விரால் தானே வந்து உரைக்கின்றது. ஆதலின் கோடைக் கடைநாளில் தூண்டிலை எடுப்பதற்கு முன் கண்ணையும் காதையும் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இடமும் காலமும்

நீர் ஒடுங்கிய ஏரியில் விரால் எங்கே நிற்கும்? மதகின் முன்னுள்ள பள்ளம், கரைக்கு மண் எடுத்த குழிகள், கோரையும் சம்பும் அடர்ந்த ஓரம், ஆம்பலிலைகளின் கீழ், ஏரியினுள் நிற்கும் கருவேல மரத்தின் நிழல் விழும் இடம், நீரிற் சாய்ந்த முட்கிளை ஆகியன அதன் உறைவிடங்கள். மறைவும் நிழலும் இருத்தல் வேண்டும். அம்மறைவினின்று ஒரு பாய்ச்சலில் திறந்த நீரை எட்டவும் வேண்டும். செடிப்பரப்பின் நடுவைவிட அதன் விளிம்பும், செடிகளின் இடையே உள்ளங்கை போன்று திறந்த சிறுவெளியும் சிறந்தன. அணைகளிலாயின், பரந்த நீரின் நடுவில் தேடுதல் வீண். வாய்க்காலின் வாயும், நீர் வடிந்து புல் முளைத்த வளைவுகளும், புதருள்ள கரையோரமுமே நாடத்தக்கன.

காலத்தைக் கூறுமிடத்து, விடியற்காலையே தலைசிறந்தது. இரவு முழுவதும் குறைந்த பிராணவாயு அப்பொழுது கடைப்பட்டு நிற்றலின் மீன் அடிக்கடி மேலே வரும். நீரும் சற்றே ஆறியிருக்கும். தவளையும் சிறு மீனும் கரையோரம் இயங்கும். வெயில் ஏறியபின் விரால் நிழலில் ஒடுங்கி இரையை நாடாது கிடக்கும். மாலையில் வெயில் தணிந்தபின் இருள் கவியும்வரை மறுமுறை இரை தேடும். நடுப்பகலில் வெயிலிற் காய்ந்து நின்று தூண்டிலெறிபவன் பெறுவது தலைவலியேயன்றி மீனன்று.

இவ்வொழுங்கை மாற்றுவது கோடைமழை. மலைமேல் இடியிடித்து ஒரு பாட்டம் மழை பெய்தால், வறண்டு கிடந்த ஓடை செந்நீர் சுமந்து வந்து ஏரியின் உள்வாயில் கலக்கும். புதுநீரின் மணம் அறிந்த விரால் அம்முகத்தை நோக்கி ஏறும். அடித்து வரும் புழு, பூச்சி, சிறு தவளை யாவும் அதற்கு விருந்தாகும். அன்று மாலையும் மறுநாட் காலையும் பிடிபடும் மீன், முந்திய ஒரு வாரத்தில் பிடிபடாததாக இருக்கும். ஆனால் இப்புதுநீரே விராலின் மணநீரும் ஆகும் என்பதை மறத்தலாகாது. அது பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

கருவியும் இரையும்

முன்னாளில் முற்றிய மூங்கிற்கோல், முறுக்கு நூல், ஒற்றை முள், சிறு தவளை என்னும் நான்குமே விரால் வேட்டைக்குக் கருவிகளாயிருந்தன. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் என்பார், இந்தியாவில் தூண்டிலிடுதல் பற்றி 1873இலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுதல் பற்றித் தனியே 1887இலும் நூல்கள் எழுதினார். உயிருள்ள தவளையை நீர்மேல் நீந்தவிட்டு விராலைக் கவரும் முறை அக்காலத்திலேயே ஆங்கிலேயராலும் அறியப்பட்டிருந்தது.

இன்று உயிர்த் தவளை வேண்டுவதன்று, வேண்டத்தக்கதுமன்று. வயற்பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் தவளைகள் குறைந்தமையால், தவளைக்கால் ஏற்றுமதியை 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்தது. அத்தகைய உயிரை முள்ளிற் கோத்து வருத்துதல் எற்றுக்கு? மெல்லிய ரப்பரால் தவளையுருவாகச் செய்து, இரண்டு முட்களின் நுனியை அதன் முதுகோடு ஒட்டி மறைத்த பொய்யிரை கடைகளிற் கிடைக்கின்றது. செடியின்மேலும் இலையின்மேலும் சிக்காமல் இது வழுக்கிச் செல்லும். விரால் கவ்வியவுடன் ரப்பர் அமுங்க, முட்கள் வெளிப்படும். இவ்விரை அமையாதார் மண்புழுவையோ வெட்டுக்கிளியையோ தக்கையிட்டுத் தொங்கவிடலாம்; ஆயின் அவற்றிற்குக் குரவையும் கெளுத்தியும் கெண்டையும் முந்திக்கொள்ளும்.

பைக்கின் பற்கள் நூலை அறுத்துவிடும் ஆதலின் அந்நாட்டார் முள்ளின் அருகே உலோகக் கம்பி கட்டுவர். விராலுக்கு அது பெரிதும் வேண்டுவதில்லை. அதன் வலிமை பல்லில் இல்லை. செடியுட் புகுந்து முறுக்கிக்கொள்ளுதலில் உளது. எனவே தடித்த நூலும் விறைப்பான கோலும் இன்றியமையாதன. மெல்லிய நூலிட்டு மீனோடு நெடுநேரம் விளையாடுவேன் என்பவன், நூலையும் முள்ளையும் மீனின் வாயிலேயே விட்டுத் திரும்புவான்.

எறியும் முறை

கரையை அணுகுங்கால் காலடி அதிரலாகாது. வற்றிய களிமண் கரையில் வன்மையாக நடப்பின் அவ்வதிர்ச்சியை நீருள் நிற்கும் மீன் உடலாலேயே உணரும். கதிரவனை முதுகிற் கொண்டு நிற்பவனின் நிழல் நீரில் விழும். அதனினும் கேடு வேறில்லை. தாழ்ந்து அமர்ந்து, ஆடை நிறத்தாலும் கரையோடு ஒன்றி, முதற்கண் நோக்குக.

மூச்செடுத்த வட்டம் தோன்றியவுடன் அதன் நடுவிலேயே இரையை எறிதல் புதியோர் செய்யும் பிழை. தலைமேல் விழுந்த பொருளைக் கண்டு மீன் வெருண்டோடும். வட்டத்திற்கு அப்பால் நான்கைந்து முழத் தொலைவில் எறிந்து, ஒரு கணம் அசையாது விட்டு, பின்னர் அம்மீன் நின்ற இடத்தின் குறுக்கே மெல்ல இழுத்து வருக. தவளை நீந்தும் போக்கு விட்டு விட்டுச் செல்வது. நம் இழுப்பும் அவ்வாறே இருத்தல் வேண்டும். இலையின் விளிம்பு வந்ததும் நிறுத்துக. பெரும்பாலும் அந்நிறுத்தத்திலேயே விரால் தாக்கும்.

தாக்கும் ஒலி உள்ளத்தைத் திடுக்குறச் செய்யும். அவ்வொலி கேட்டவுடன் கோலை வெட்டியிழுப்பவன் வெறும் இரையையே பெறுவான். விரால் இரையை முதலிற் கவ்வும், கவ்வித் திரும்பும், திரும்பும்பொழுதே வாய் மூடும். 'ஒன்று, இரண்டு' என்று மனத்தில் எண்ணி, நூல் இறுகுவதை உணர்ந்தபின் கோலை உறுதியாக உயர்த்துக. அதற்கு மேலும் காத்திருத்தல் கூடாது. பண்டைநாளில், ஆங்கில நாட்டுப் பைக் வேட்டையிலும் நம் நாட்டு விரால் வேட்டையிலும், மீன் இரையை வயிறுவரை விழுங்கவிட்டுப் பிடிப்பார் உண்டு. அவ்வாறு பிடித்த மீனை மீண்டும் விடுதல் இயலாது. வாயில் முள் ஏறிய மீனையோ வேண்டின் கொள்ளலாம், வேண்டாவிடின் விடலாம்.

முள் ஏறியபின் மீனின் தலையைத் தாழவிடாது, தயங்காமல் செடியினின்றும் திறந்த நீருக்கு இழுத்துக்கொள்க. கரைக்கு வந்த விராலை ஈரக்கையாற் பற்றுக. வழுவழுப்பான அம்மேனியைக் காய்ந்த மண்ணில் உருட்டுதல் அதன் தோலின் காப்பை அழிப்பதாகும். காற்றை உட்கொள்ளும் உயிராதலின், பைக்கைப் போல வெந்நீரில் எளிதிற் சோராது. தக்கவாறு விடப்பட்ட விரால் நன்கு பிழைக்கும்.

மதகடியிலும் குழிகளிலும் மேலே ஆடை போல் உலர்ந்து உள்ளே இளகிய சேறு இருக்கும். ஆளை இடுப்பளவு இழுத்துவிடும். ஆதலின் தனியே செல்லற்க. ஏரி, அணைகளில் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுவதாகலின், குத்தகைதாரரின் இசைவு பெற்றே தூண்டிலிடுக.

கை நிறுத்துமிடம்

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றைக் கூறுவேன். யான் பத்து வயதுச் சிறுவனாய் மலையடிவாரத்து எங்கள் ஊரில் இருந்தபோது, என் தாய்மாமனே எனக்குத் தூண்டிலாசிரியர். மூச்சு வட்டத்தைக் காணவும், நிழலை மறைக்கவும், இரண்டு எண்ணவும் கற்பித்தவர் அவர். ஒரு வைகாசிக் கடைசியில் கோடைமழை பெய்த சில நாட்களுக்குப் பின், அவர் அறியாமல் ஏரிக்குச் சென்றேன். கோரையோரத்தில், நீர்மட்டத்தில், குங்குமம் கரைத்தாற்போல் ஒரு செம்படலம் அசைவதைக் கண்டேன். அருகே பெரிய மூச்சு வட்டம் ஒன்று எழுந்தது. இரையை அதன் குறுக்கே இழுத்தவுடன் அம்மீன் வெகுண்டு தாக்கிற்று. ஒரு முழத்திற்கு மேற்பட்ட விரால். அதனைத் தோளில் தொங்கவிட்டு ஊர்வலம் வந்தேன்.

மாமன் மீனைப் பார்த்தார். "எங்கே பிடித்தாய்?" என்றார். கூறினேன். ஒன்றும் பேசாது என்னை அழைத்துக்கொண்டு மீண்டும் ஏரிக்கு வந்து, "உட்கார். பொழுது சாய்கிற வரைக்கும் பார்" என்றார். அச்செம்படலம் விராற்குஞ்சுகளின் கூட்டம். எஞ்சிய தாயோ தந்தையோ ஒன்று அதனைச் சுற்றிச் சுற்றி வந்தது. அது ஒருபுறத்துக் கெளுத்தியைத் துரத்த, மறுபுறத்தில் பனையேறிகள் புகுந்தன. அது அப்புறம் திரும்ப, மீன்கொத்தி மேலிருந்து வீழ்ந்தது. கொக்கு ஒன்று கோரையருகே வந்து நின்றுகொண்டது. நாழிகைக்கு நாழிகை அப்படலம் சுருங்கிற்று. பொழுது சாய்ந்தபோது கையளவே எஞ்சியது. மாமன் எழுந்தார். "அடுத்த கோடைக்கு இந்த ஏரியில் என்ன பிடிப்பாய், மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அன்று மீனை யான் உண்ணவில்லை. மறு ஆண்டு அவ்வேரியில் விரால் அருகியே இருந்தது. அதற்கு என் தூண்டில் ஒன்றே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் என் தூண்டிலும் ஒரு காரணம் என்பதை மறுக்க வகையில்லை.

பைக் பனி உருகியபின் வெள்ளம் பாய்ந்த புல்லிடையே முட்டையிட்டு அகன்றுவிடும், குஞ்சுகளைக் காப்பதில்லை. ஆகவே கோடைக் கடைநாளில் ஒரு பைக்கைப் பிடித்தவன் ஒரு பைக்கையே பிடித்தவனாவான். விரால் அப்படியன்று. செடிகளை விலக்கிச் சிறுவெளி செய்து, மிதக்கும் முட்டைகளை இட்டு, அவை பொரிந்தபின் குஞ்சுகள் செந்நிறம் மாறி வளரும்வரை வாரக்கணக்காக உடனிருந்து காக்கும். அக்காலத்தில் எதனையும் வெகுண்டு தாக்குமாதலின், பசியில்லாத மீனும் எளிதிற் பிடிபடும். புதியவனுக்கு அது வேட்டைத்திறனாகத் தோன்றும். உண்மையில் அது மீனின் அன்பைத் தூண்டிலாக்கிக் கொள்ளுதலே.

மற்றொன்றும் உண்டு. மழையையே நம்பிய ஏரிகளில், கோடையின் கடைக்குட்டையிலும் சேற்றிலும் உயிர் பிழைத்த சில இணைகளே பெரும்பாலும் மறு ஆண்டிற்கு விதை. கட்லா, ரோகு போன்ற கெண்டையினக் குஞ்சுகளைக் கொணர்ந்து ஏரிகளில் விடுதல் வழக்கம். விராலோ அக்குஞ்சுகளைத் தின்னுமென்று வளர்ப்போரால் பகையாகவே எண்ணப்படும். விதைநெல்லை உண்டுவிட்ட குடும்பம் ஆடியில் எதை விதைக்கும்? கடைக்குட்டையின் கடை மீனையும் பிடித்த ஊர் அந்நிலையிலேயே நிற்கும்.

ஆதலின் முறை அறிந்த தூண்டிற்காரன் சில விரதங்களைப் பூணல் வேண்டும். செங்குஞ்சுப் படலம் கண்ட இடத்தில் தூண்டிலை மடக்கிவிடுக. ஒரு முழத்திற்குக் குறைந்த விராலை விட்டுவிடுக; அது இன்னும் குடும்பம் காணாததாக இருக்கலாம். ஒரு குட்டையினின்றும் ஒன்றிரண்டிற்கு மேற் கொள்ளற்க. சேற்றுள் புதைந்து மழையை எதிர்நோக்கிக் கிடப்பதைத் தோண்டற்க. வெடி வைத்தலையும் நஞ்சு கலத்தலையும் எக்காரணத்தாலும் செய்யற்க. மருக்காரைக் காயை இடித்து ஓடை மடுவிற் கலந்து மீனை மயங்கச் செய்தல் மலைநாடுகள் பலவற்றில் பழைய வழக்கமாயினும், அதனால் அயிரை முதல் விரால் வரை அம்மடுவிலுள்ள சிறியதும் பெரியதும் ஒருங்கே மாளும். வெடியையும் நஞ்சையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே விலக்கியிருக்கின்றது.

புதுக்கோட்டை, சிவகங்கை முதலிய மாவட்டங்களில் கோடை முடிவில் ஊரார் அனைவரும் ஊத்தாவும் வலையும் ஏந்தி ஒரே நாளில் வற்றிய கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா நிகழ்வதுண்டு. உள்ளவரும் இல்லாதவரும் அன்று ஒரே குழம்பை உண்பர். அம்மகிழ்ச்சியைக் குறை கூறுவார் யார்? ஆயினும் அன்றும் ஒரு பள்ளத்தைத் தீண்டாது விட்டுவைத்தால், மறு ஆண்டுத் திருவிழாவிற்கு அதுவே முதலாகும்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்வோருள் ஏரியருகே வாழ்வார் பலர் இருப்பீர்கள். ஒரு விடியலில் தூண்டிலோடு செல்லுங்கள். ஒரு விடியலில் தூண்டிலின்றியும் செல்லுங்கள். நீர்மட்டத்தில் எழும் வட்டங்களை எண்ணுங்கள். எத்தனை வட்டங்கள் எழுகின்றனவோ அத்தனை உயிர்கள் மழையை எதிர்நோக்கி நிற்கின்றன. அவற்றுள் எதனைக் கொள்ளலாம், எதனை விடவேண்டும் என்று அறிந்து பிரிப்பவனே விரால் வேட்டையை முழுதும் கற்றவன். என் மாமன் கேட்ட வினாவிற்கு அன்று என்னிடம் விடையில்லை. இன்று ஆண்டுதோறும் வைகாசியில், தூண்டிலை மடக்கிக்கொண்டு சில குட்டைகளை விட்டு அகலும்போது, அதற்கு ஒருவாறு விடை கூறுவதாக எண்ணிக்கொள்கின்றேன்.